தொட்டில் வாங்கும் முன்பும் கொடுக்கும் முன்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். நாங்கள் தைப்பதில் முக்கால்வாசி கைக்குழந்தை உடுப்பு. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. பிரஸ் பட்டனை 90 நியூட்டன் விசையில், அதாவது ஒன்பது கிலோ தொங்குகிற அளவுக்கு, இழுத்துப் பார்ப்போம். சின்னக் குழந்தை சட்டையின் கழுத்துப் பக்கம் நாடா இருந்தால் சரக்கையே நிறுத்திவிடுவோம். துணிக்குள் உடைந்த ஊசிமுனை தங்கியிருக்கக் கூடாது என்று ஒவ்வொரு உருப்படியும் மெஷினுக்குள் போய் வரும். இத்தனையும் பார்க்கிற நான் எங்கள் வீட்டுத் தொட்டிலை ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. தங்கச்சி மகன் விஷயத்தில் உயிர் போய் உயிர் வந்தது. அதற்குப் பிறகு தேடிப் படித்ததை, லைனில் வேலை செய்யும் பெண்களும் ஒறம்பரையும் (உறவினர்களும்) கேட்ட கேள்விகளோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தங்கச்சி வீட்டில் என்னதான் நடந்தது?

மரத்தில் செய்த அழித் தொட்டில், அதாவது பக்கங்களில் மரச்சட்டங்கள் வரிசையாக நிற்கிற தொட்டில். ஒரு பக்கத்து அழியைக் கொக்கி எடுத்துவிட்டுக் கீழே இறக்கலாம், குனியாமல் குழந்தையைத் தூக்கலாம். பெரியம்மா மகன் வீட்டில் இரண்டு குழந்தை அதில் வளர்ந்தது. அங்கிருந்து கோபிக்குப் போய், பிறகு எங்களுக்கு வந்தது. திருகு ஒன்று காணாமல் போயிருந்ததால் அந்த மூலையைச் சேலைக் கரையால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தும் நாங்கள் ஒன்றும் நினைக்கவில்லை.

ஏழு மாதக் குழந்தை, அழியில் சாய்ந்து விளையாடிக்கொண்டிருந்தான். இறங்குகிற பக்கத்தின் கீழ்மூலை கழன்றுவிட்டது. மேல்மூலை மட்டும் பிடித்திருந்ததால் மெத்தைக்கும் அழிக்கும் நடுவே ஆப்பு மாதிரி ஒரு சந்து விழுந்தது. கால் முதலில் அதில் இறங்கி, இடுப்பு இறங்கி, நெஞ்சில் சிக்கி நின்றான். அமுச்சி (அம்மாவின் அம்மா) பக்கத்து அறையில் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தார். மரம் முறிகிற சத்தம் கேட்டு ஓடிவந்து தூக்கினார். இன்னும் நாலு விரல்கடை இறங்கியிருந்தால் கழுத்து.

இன்று அவன் ஓடி விளையாடுகிறான். ஆனால் பிறகு கோபிக்குப் போன் செய்தபோது அங்கே இருக்கும் நங்கை (அண்ணி முறை) சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை: "அந்த மூலை எங்க ஊட்டுல இருக்கறப்பவே லொடலொடன்னுதானுங்க இருந்துச்சு." யார் மேலும் குற்றம் இல்லை. தொட்டில் மூன்று வீடு மாறி வந்திருக்கிறது, மூலை ஆடுகிற சேதி மட்டும் கூட வரவில்லை.

பக்கம் இறங்குகிற தொட்டில் எல்லாமே ஆபத்தா? நம் வீட்டில் மட்டும் பழுதா?

நம் வீட்டுப் பழுது இல்லை, அந்த அமைப்பின் பழுது. அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இந்த வகைத் தொட்டில்களோடு தொடர்புடையதாக, 2000-க்குப் பிறகான பத்து ஆண்டுகளில் மட்டும் குறைந்தது 32 குழந்தைகளின் சாவைக் கணக்கெடுத்தது. 2009 நவம்பரில் ஸ்டார்க் கிராஃப்ட் என்ற கம்பெனியின் 21 லட்சம் தொட்டில்களை அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்துத் திரும்பப் பெற்றார்கள். 2011 ஜூன் 28 முதல் பக்கம் இறங்குகிற தொட்டிலைச் செய்வதும் விற்பதும் அங்கே சட்டப்படி முடியாது. பழையதை மறுபடி விற்பதும் கூடாது.

காரணம் எளிது. அசையாத நான்கு பக்கமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கம் ஏறி இறங்கினால் அதன் பாரம் முழுக்க நாலைந்து பிளாஸ்டிக் கொக்கிகளின் மேல். தினம் பத்துத் தடவை ஏற்றி இறக்க அது தேயும், வெடிக்கும், ஒருநாள் விடும். பக்கத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டாலும் பார்வைக்குத் தெரியாது, அதிலும் விபத்து நடந்திருக்கிறது. உங்களிடம் அப்படித் தொட்டில் இருந்தால், ஆசாரியை வைத்து இறங்குகிற பக்கத்தை நிலையாக ஆணியடித்துவிடலாமா என்று கேட்காதீர்கள். மற்ற இணைப்புகளும் அதே வயசுதான். குழந்தையை அதில் போடுவதை நிறுத்துங்கள்.

ரீகால் என்றால் என்ன?

விற்றுப் போன பொருளில் ஆபத்து இருக்கிறது என்று தெரிந்ததும், "உபயோகிக்காதீர்கள், திருப்பிக் கொடுங்கள், பணமோ மாற்றுப் பொருளோ தருகிறோம்" என்று கம்பெனியோ அரசோ அறிவிப்பதுதான் ரீகால். அமெரிக்காவில் 2007-இல் தொடங்கி அந்தத் தடை வருவதற்குள் 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல் தொட்டில்கள் இப்படித் திரும்ப அழைக்கப்பட்டன.

அழைத்தார்கள், வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. சிகாகோவில் ஒரு குழந்தைக் காப்பகத்தில் 1998-இல் ஒன்றரை வயதுகூட ஆகாத பையன் இறந்துபோனான். மடக்குத் தொட்டிலின் மேல்சட்டம் மடங்கி அவன் கழுத்தைப் பிடித்துவிட்டது. அந்த மாதிரித் தொட்டில் ரீகால் ஆனது 1993-இல். ஐந்து வருடம் கழித்தும் காப்பகத்துக்கு அந்தச் சேதி போகவில்லை. பெற்றோர் விடவில்லை, போராடினார்கள். 2008-இல் வந்த சட்டத்தின் ஒரு பகுதிக்கு அந்தப் பையனின் பெயரே வைக்கப்பட்டது. அதன்படி தொட்டில், குழந்தை நாற்காலி போன்ற பொருள்களோடு ஒரு பதிவு அட்டை கட்டாயம் வரவேண்டும். வாங்கியவர் முகவரி எழுதிப் போட்டால், நாளைக்கு ரீகால் வந்தால் அவருக்கு நேரே தகவல் போகும்.

நம் ஊரில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு, ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் உண்டு. அதிகாரம் இருக்கிறது, ஆனால் பட்டறையில் பைப்பை வளைத்துச் செய்த தொட்டிலுக்கு மாடல் நம்பர் இல்லை, வாங்கியவர் பட்டியல் இல்லை. விட்டத்தில் அமுச்சி சேலையால் கட்டிய தூளிக்கு எந்தக் கம்பெனி ரீகால் விடும்? அதனால்தான் வீட்டுக்கு வீடு நாமே பார்த்து, நாமே சொல்லியாக வேண்டும் என்கிறேன்.

அண்ணன் அமெரிக்காவில் இருந்து கொண்டுவந்த தொட்டில். வெளிநாட்டுச் சாமான், நம்பலாம்தானே?

தயாரித்த தேதி என்னவென்று முதலில் பாருங்கள். அடிப்பலகையிலோ காலிலோ ஒட்டியிருக்கும். 2011 ஜூனுக்கு முந்தியது என்றால் வேண்டாம். பிந்தியது என்றால் மாடல் பெயரையும் நம்பரையும் குறித்துக்கொண்டு, பல நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பு நடத்துகிற உலக ரீகால் தளத்தில் தேடுங்கள். பல நாடுகளின் அறிவிப்புகள் ஒரே இடத்தில் கிடைக்கும். அங்கே ரீகால் ஆனது இங்கே பெட்டிக்குள் வந்து சேர்வதை யாரும் தடுப்பதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாய்ந்தபடி தூங்கவைக்கிற தொட்டிலை அங்கிருந்து ஆசையாக வாங்கி வருகிறார்கள். ஃபிஷர்-பிரைஸ் கம்பெனியின் ராக் அன் ப்ளே என்ற அந்த வகைத் தொட்டிலில் 47 லட்சத்தை 2019 ஏப்ரலில் திரும்பப் பெற்றார்கள். 2023-இல் அதே அறிவிப்பை மறுபடி விட வேண்டியிருந்தது. அதற்குள் தொடர்புடையதாகச் சொல்லப்பட்ட சாவு சுமார் 100. அதில் குறைந்தது எட்டு, ரீகால் ஆன பிறகு நடந்தவை. பெரிய கம்பெனி, பெரிய அறிவிப்பு, அப்படியும் எட்டு வீட்டில் அந்தத் தொட்டில் கிடந்திருக்கிறது.

எங்கள் பாட்டி, அம்மா, நான் எல்லோரும் தூளியில் வளர்ந்தவர்கள்தான். அதையுமா வேண்டாம் என்கிறீர்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. நானும் தூளியில் வளர்ந்தவள். பழைய நூல் சேலையின் மணமும் ஆட்டமும் குழந்தையை அமர்த்துகிற மாதிரி வேறெதுவும் அமர்த்தாது. அதனால் மறைக்காமல் சொல்கிறேன்.

தூளியில் குழந்தை வில் மாதிரி வளைந்து கிடக்கும். பச்சைக் குழந்தைக்குத் தலை கனம், கழுத்துக்குப் பலம் இல்லை. தாடை நெஞ்சில் போய் முட்டினால் மூச்சுக்குழாய் மடங்கும். குழந்தை திணறாது, அழாது, சத்தமில்லாமல் மூச்சுக் குறையும். ராக் அன் ப்ளேயில் நடந்ததும் இதை ஒட்டியதுதான். அதைப் பற்றி அமெரிக்க ஆணையம் கேட்டு நடந்த ஆய்வு, படுக்கையின் சாய்வு 10 டிகிரிக்குள் இருந்தால்தான் பாதுகாப்பாக இருக்க வாய்ப்பு என்றது. அங்கேயே ஆம்பி என்ற பெயரில் நம் தூளி போலவே ஸ்பிரிங்கில் தொங்குகிற துணித் தொட்டில் விற்றது. இரண்டு குழந்தைகள் இறந்த பிறகு, 2009 டிசம்பரில் சுமார் 24,000 தொட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். தொட்டில் ஒரு பக்கம் சாய, குழந்தை உருண்டு துணியோடு முகம் ஒட்டி மாட்டிக்கொண்டது என்பது காரணம்.

மருத்துவர்கள் சொல்வது சமமான, கெட்டியான படுக்கை. என் வீட்டில் நாங்கள் எடுத்த முடிவு: ராத்திரித் தூக்கத்துக்குத் தூளி கிடையாது. பகலில் அழுகையை அமர்த்த ஆட்டலாம், ஆட்டுகிறவர் கண் அதிலேயே இருக்க வேண்டும், தூங்கியதும் எடுத்துச் சமமான இடத்தில் மல்லாக்கப் போட வேண்டும். குறைமாதக் குழந்தைக்கும், சளி கட்டிய குழந்தைக்கும் அதுவும் வேண்டாம். தொட்டில் கம்பு போட்டுத் துணியை விரித்து வைத்தால் முகத்தை மூடாது, அவ்வளவுதான். வளைவை அது நிமிர்த்தாது.

பல்லடம், சோமனூர் பக்கம் தறிக்கூடத்திலேயே தூளி கட்டியிருப்பார்கள். தறிச் சத்தத்தில் குழந்தையின் முனகல் தாய் காதில் விழாது. காதை நம்பாமல், ஓட்டுகிற தறியில் இருந்து முகம் தெரிகிற இடத்தில் கட்டுங்கள்.

கட்டுகிற விதமும் முக்கியம். நைலக்ஸ், சிந்தெடிக் சேலை முடிச்சு வழுக்கும், நூல் சேலைதான் பிடிக்கும். மடிப்பு இற்றுப்போன சேலை வேண்டாம். தரைக்கும் தூளிக்கும் ஒரு முழத்துக்கு மேல் உயரம் எதற்கு? ஸ்பிரிங் மாட்டினால் அது ஒருநாள் அறும் என்று நினைத்தே மாட்டுங்கள். ஸ்பிரிங்குக்குள்ளே ஒரு கயிறோ சங்கிலியோ விட்டு மேல்கொக்கியில் தனியாகக் கட்டினால், அறுந்தாலும் குழந்தை தரைக்கு வராது. எஸ் கொக்கியின் வாய் விரிந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். குழந்தை புரண்டு, கையூன்றி எழ ஆரம்பித்த நாளோடு தூளியை அவிழ்த்துவிடுங்கள்.

கைக்குழந்தையைவிடப் பெரிய பிள்ளைகளுக்குத் தூளி ஆபத்து என்கிறார்களே?

உண்மை. எனக்கு இதில்தான் வெசனம் அதிகம். ஆறு வயதுப் பிள்ளை, எட்டு வயதுப் பிள்ளை, தம்பிக்குக் கட்டிய சேலையில் ஆடும்போது கழுத்து இறுகி இறந்த செய்தி நம் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆடி நோம்பிக்கு மரத்தில் தூரி (ஊஞ்சல்) ஆடிய பிள்ளைக்கு, வீட்டில் தொங்குகிற சேலையும் தூரிதான். உள்ளே தலையை விட்டுக்கொண்டு சுற்றும். சேலை முறுக்கேறும். முறுக்கு உச்சிக்குப் போனதும் துணி கழுத்தைப் பிடிக்கும். கால் தரையில் பட்டாலும் நிமிர முடியாது, கத்தச் சத்தம் வராது. பெரியவர் அடுக்களையில் இருப்பார், பிள்ளை விளையாடுகிறது என்றே நினைப்பார்.

குழந்தையை எடுத்ததும் தூளியைச் சுருட்டி விட்டத்துக்கு மேலே போட்டுவிடுங்கள், அல்லது எட்டாத உயரத்தில் முடிந்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை என்றாலும் தொங்கவிட்டுப் போகாதீர்கள். பிள்ளைக்கு ஆட ஆசை என்றால் வெளியில் பலகை வைத்த கயிற்றுத் தூரி கட்டிக் கொடுங்கள். அப்படி இறுகிவிட்டதைப் பார்த்தால் முதலில் பிள்ளையின் உடம்பைத் தூக்கிப் பிடியுங்கள், பாரம் குறைந்தால் இறுக்கம் குறையும். பிறகு துணியை அவிழுங்கள், வெட்டுங்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும்.

அழித் தொட்டிலில் எதை அளந்து பார்ப்பது?

இரண்டு அழிக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. பள்ளிக்கூட ஸ்கேல் போதும். அதற்கு மேல் இருந்தால் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். மெத்தைக்கும் பக்கத்துக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் நுழைந்தால் அந்த மெத்தை அந்தத் தொட்டிலுக்கு உரியது இல்லை. மூலைக் கால்களில் அழகுக்காகக் குமிழ் நிற்கிறதா? சட்டைக் கழுத்தோ கழுத்துக் கயிறோ அதில் மாட்டும், அறுத்துவிடச் சொல்லுங்கள். தொட்டிலைப் பிடித்து நன்றாக உலுக்குங்கள். ஆடினால், கிரீச் என்றால், எந்தத் திருகு என்று பார்க்காமல் விடாதீர்கள். குழந்தை உட்காரத் தொடங்கியதும் அடிப்பலகையைக் கீழ்மட்டத்துக்கு இறக்குங்கள். 90 சென்டிமீட்டர் உயரம் வளர்ந்த பிறகு தொட்டில் வேண்டாம், ஏறிக் குதித்துவிடும்.

கடுகுத் தலையணை, சுற்றிலும் திண்டு, இலவம்பஞ்சு மெத்தை எல்லாம் சீரோடு வந்ததுங்க. அதை எப்படி ஒதுக்கி வைப்பது?

பெட்டியில் பத்திரமாக வையுங்கள், தொட்டிலில் வைக்காதீர்கள். ஒரு வயது வரை தொட்டிலுக்குள் குழந்தையும் விரிப்பும் தவிர எதுவும் தேவையில்லை. இலவம்பஞ்சு அமுங்கிக் குழியும். குழந்தை புரண்டால் முகம் அந்தக் குழிக்குள் போகும். பொள்ளாச்சித் தென்னை நாரில் செய்த கெட்டி மெத்தை நல்லது. சுற்றுத் திண்டை அமெரிக்காவில் 2022-இல் சட்டம் போட்டே தடை செய்துவிட்டார்கள். தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகுத் தலையணை வைப்பதை அமுச்சியிடம் மறுத்துப் பேசுவது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. விழித்திருக்கும்போது கண்ணெதிரே கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட விட்டால் தலை ஒரு பக்கம் தட்டையாவது குறையும், கழுத்தும் உறுதிப்படும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். ஏற்றுக்கொண்டார்.

மார்கழிக் குளிருக்குக் கம்பளி வேண்டாம், இன்னொரு சட்டை போடுங்கள். கழுத்தில் போட்ட கறுப்புக் கயிறு, சங்கிலி இவற்றைத் தூங்கும்போது கழற்றிவிடுங்கள். அரைஞாண் இருக்கட்டும்.

குப்புறப் போட்டால்தான் நன்றாகத் தூங்குகிறது.

ஆழ்ந்து தூங்குவதுதான் அதில் உள்ள ஆபத்தே. மூச்சுக்கு இடைஞ்சல் வந்தால் விழிக்க வேண்டும். 1992-இலேயே அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி குப்புறப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பகலோ ராத்திரியோ, ஒவ்வொரு தூக்கத்துக்கும் மல்லாக்க.

பெயின்ட் அடித்த பழைய தொட்டில்?

பல் முளைக்கிற குழந்தை மேல்சட்டத்தைக் கடிக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல்) இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்தது உரிந்துகொண்டிருந்தால் அந்தத் தொட்டில் வேண்டாம். நீங்களே உரசிச் சுரண்டவும் வேண்டாம், அந்தத் தூள் இன்னும் கெடுதல்.

மோட்டார் வைத்த தொட்டில் வாங்கலாமா?

ஆட்டுவதற்கு மட்டும், ஆள் இருக்கும்போது மட்டும். ஒயர் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. ராத்திரி முழுக்க ஓடவிட்டுத் தூங்குவது சரியில்லை.

ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் போதுமா?

பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ கட்டாயம். தொட்டிலில் தொங்குகிற கிலுகிலுப்பைக்கும் அது பொருந்தும். கிலுகிலுப்பையில் இருக்கிற முத்திரையைக் காட்டித் தொட்டிலை விற்கிறார்கள். தொட்டில் என்பது பொம்மை இல்லை, அந்த முத்திரை தொட்டிலுக்கானது இல்லை. பாட்டுப் பாடுகிற பொம்மை என்றால் பட்டன் பேட்டரியின் மூடி திருகு போட்டு மூடியதா என்று பாருங்கள். விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

நல்ல தொட்டில் வாங்கக் காசு இல்லைங்க.

தொட்டிலே வேண்டாம். தரையைக் கூட்டித் துடைத்து, பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்து, மேலே ஒரு நூல் துணியைச் சுருக்கமில்லாமல் போடுங்கள். குழந்தைக்குத் தனி விரிப்பு, அம்மாவுக்குப் பக்கத்தில் தனி விரிப்பு. கட்டிலில் இரண்டு பேருக்கு நடுவே போடுவதைவிட இது எவ்வளவோ மேல். பத்தாயிரம் ரூபாய்த் தொட்டில் தருகிற சமமும் கெட்டியும் இதில் இருக்கிறது, விழுவதற்கு உயரமும் இல்லை. கொசுவுக்கு வலை போட்டால் ஓரம் இழுபட்டு முகத்தில் விழாதபடி விறைப்பான குடை வலையாகப் போடுங்கள்.

கடையில் புதிதாக வாங்கியது உடைந்தது. கடைக்காரர் "நீங்க மாட்டுனது தப்பு" என்கிறார்.

சரிசெய்யாதீர்கள், தூக்கிப் போடாதீர்கள். உடைந்த இடத்தை, ஒட்டிய சீட்டை, பில்லைப் படம் எடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. செய்தவர் மேலும் விற்றவர் மேலும் கேட்கலாம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று விட்டுவிட வேண்டாம். அதே சரக்கு இன்னும் பத்து வீட்டுக்குப் போயிருக்கும்.

தொட்டிலை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது?

பழுதானதைக் கொடுக்கவே வேண்டாம், பழைய இரும்புக் கடைக்கும் அப்படியே போட வேண்டாம். கடைக்காரர் துடைத்து விற்பார். தங்கச்சி வீட்டுத் தொட்டிலை மாப்பிள்ளை ரம்பம் போட்டு அறுத்தார். பெயின்ட் அடித்த மரம் என்பதால் அடுப்பில் வைக்கவும் விடவில்லை.

நல்லதைக் கொடுக்கும்போது எல்லாத் திருகோடும், மாட்டும் விளக்கத் தாளோடும் கொடுங்கள். நான் வேறொரு வேலையும் செய்கிறேன். கம்பெனியில் சட்டைக்குள் துவைக்கும் முறை எழுதித் தைக்கிற வெள்ளை நாடா மீதியாகும். அதில் அழியாத மையால் எழுதி, நல்ல நிலையில் இருந்த இன்னொரு தொட்டிலின் மெத்தை ஓரத்தில் தைத்துவிட்டேன்: எந்த மாதம் வாங்கியது, எத்தனை வீடு மாறியது, எது கழன்றது, எதை மாற்றினோம். கொடுக்கிறவர் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று சொல்லித்தான் தாராபுரத்துக்கு அனுப்பினேன். போன மாதம் அங்கிருந்து படம் வந்தது. மூன்றாவது வரியில் பச்சை மையில் எழுதியிருந்தார்கள்: "இடது பின்கால் போல்ட் தளர்ந்தது, புதுசு போட்டாச்சு."